கோலி சோடா

கோலி சோடா என்பது, கழுத்துப் பகுதியில் அமைந்த கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்றையே மூடியாகக் கொண்ட தடித்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கப்படும் வளியேற்றிய நீர் அல்லது குளிர்பானம் ஆகும். இப்புட்டியை வடிவமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவராவார். அவருடைய பெயரால் இது காட் கழுத்துப் புட்டி என்று அழைக்கப்படுகிறது. 1870களில் அறிமுகமான இப்புட்டி பிரித்தானியப் பேரரசு முழுவதும் பரவியது. உருவான நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியிலேயே இது வழக்கொழிந்தது. இந்தியாவிலும் ஜப்பானிலும் இன்றளவும் நிலைத்துள்ளது. தமிழ்நாட்டில் 1980கள் வரை பெட்டிக்கடைகளிலும் திருவிழாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் மிகப் பரவலாகக் காணப்பட்ட கோலி சோடா, நெகிழிப் புட்டிகளின் வருகைக்குப் பின்னர் பெரிதும் குறைந்து, 2010களில் ஓரளவு மீண்டும் விற்பனைக்கு வந்தது.

பெயர்

கோலி என்பது சிறுவர் விளையாடும் கண்ணாடிக் குண்டைக் குறிக்கும் சொல். புட்டிக்குள் அத்தகைய குண்டு இருப்பதால் கோலி சோடா எனும் பெயர் ஏற்பட்டது. தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் இதே பெயர் வழங்குகிறது. தில்லியிலும் பஞ்சாபிலும் இது பண்டா எனப்படுகிறது. பண்டா என்ற சொல்லுக்கும் கோலிக்குண்டு என்பதே பொருள்.

சோடா என்னும் சொல் சோடியம் உப்புகளைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. தொடக்க காலத்தில் வளியேற்றிய நீரில் சோடா உப்பு சேர்க்கப்பட்டதால் அந்நீர் சோடா நீர் எனப்பட்டது. பின்னர் உப்புச் சேர்க்காத நீருக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் சுவையும் நிறமும் அற்ற வளியேற்றிய நீர் சோடா என்றும், இனிப்பும் நிறமும் சேர்த்தது கலர் என்றும் வேறுபடுத்தி அழைக்கப்பட்டன. இலங்கைத் தமிழரிடையே எல்லா வகை வளியேற்றிய குளிர்பானங்களையும் சோடா என்றே கூறும் வழக்கம் உள்ளது.

பின்னணி

1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்சு நகரில் வசித்த ஜோசப் பிரீசுட்லி, மது வடிப்பாலையின் நொதித்தொட்டிகளுக்கு மேல் தங்கியிருந்த கார்பன் டை ஆக்சைடு வளிமத்தை நீரில் கரைக்க முடியும் எனக் கண்டார். இதனை விளக்கும் நூலை 1772இல் வெளியிட்டார். 1783இல் ஜெனீவாவில் ஜோஹான் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் வளியேற்றிய நீரை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார். பின்னர் 1792இல் இலண்டனிலும் தொழிலைத் தொடங்கினார்.

நீரில் வளிமத்தைக் கரைக்கும் வழி தெரிந்த பின்னரும் அதனை வெளியேறாமல் காப்பது கடினமாகவே இருந்தது. ஒரு நீர்மத்தில் கரையும் வளிமத்தின் அளவு அதன் மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. புட்டியின் மூடி சிறிதளவு கசிந்தாலும் உள்ளே அழுத்தம் குறைந்து, கரைந்திருக்கும் வளிமம் குமிழிகளாக வெளியேறிவிடும். அக்காலத்தில் மூடியாகப் பயன்பட்டது தக்கை. தக்கை ஈரமாக இருக்கும்வரை உப்பி நின்று வாயை அடைக்கும். உலர்ந்தால் சுருங்கிக் கசியும். மேலும் உள்ளழுத்தத்தால் தக்கை தானாக வெளியே எறியப்படுவதைத் தடுக்கக் கம்பியால் கட்டவும் வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாக அடிப்பகுதி கூர்மையான முட்டை வடிவப் புட்டிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றை நிமிர்த்தி நிறுத்த இயலாது; படுக்கவைக்கவே முடியும். எனவே தக்கை எப்போதும் நீரில் நனைந்தபடி இருந்தது. ஆனால் திறந்த பின் கீழே வைக்க முடியாத புட்டி என்பது குடிப்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இடையூறாக இருந்தது.

ஹைரம் காட்

ஹைரம் காட் (1838 – 1887) இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் உள்ள பரி செயிண்ட் எட்மண்ட்சு என்னும் ஊரில் பிறந்தவர். பொறியியலாளரான இவர் தக்கை விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளராகவும் பணிபுரிந்தார். தக்கையின் குறைகளை நேரில் அறிந்திருந்த இவர், உள்ளேயிருக்கும் வளிமத்தின் அழுத்தத்தைக் கொண்டே புட்டியை மூடும் முறையை உருவாக்கினார். இது தொடர்பாக 1870 முதல் காப்புரிமைகளைப் பெற்றார். இன்று அறியப்படும் வடிவம் 1872ஆம் ஆண்டுக் காப்புரிமையில் முழுமை பெற்றது. யார்க்சயர் பகுதியின் பார்ன்சிலி நகரில் பென் ரைலண்ட்சு என்பவருடன் கூட்டாகப் புட்டிகளை உற்பத்தி செய்தார்.

ஆங்கிலத்தில் வெற்றுப் பேச்சைக் குறிக்கும் 'காட்சுவாலப்' என்ற வழக்குச் சொல் காட்டின் பெயரிலிருந்து தோன்றியது என்று கூறப்படுவதுண்டு. ஆனால் அச்சொல்லுக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகள் காட் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிற்பட்ட 1950களின் இறுதியைச் சேர்ந்தவை. எனவே இக்கருத்து பிற்காலக் கதையாகவே கருதப்படுகிறது.

அமைப்பும் செயல்படும் முறையும்

புட்டியின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

வாய்: புட்டி வாயின் உட்புறத்தில் ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடும். அதில் இரப்பர் வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்.

கோலி: கழுத்து அறைக்குள் தடையின்றி உருளும் கண்ணாடிக் குண்டு. வாயை விடப் பெரியது என்பதால் இது வெளியே வராது.

இடுக்கு: கழுத்தின் அடிப்பகுதி இருபுறமும் நெருக்கப்பட்டிருப்பதால் கோலி புட்டியின் வயிற்றுப் பகுதிக்குள் விழாது.

குழிவுகள்: கழுத்தின் ஒரு பக்கத்தில் உள்நோக்கி அமுங்கிய இரண்டு குழிவுகள். பானத்தை ஊற்றும்போது கோலி மீண்டும் வாயை அடைக்காமல் தடுப்பவை இவையே.

பானத்தை நிரப்பியபின் புட்டி தலைகீழாகத் திருப்பப்படும். கோலி வாய்ப்பக்கம் உருண்டு இரப்பர் வளையத்தின் மீது அமரும். உள்ளேயுள்ள வளிமம் அதனை வளையத்துடன் இறுக அழுத்தும். பின்னர் புட்டியை நிமிர்த்தினாலும் கோலி கீழே விழாது. உள்ளழுத்தம் மிகுதியாக இருக்கும்போது மூடியும் மிகுந்த இறுக்கத்துடன் இருக்கும். தக்கையை வெளியே தள்ளிய அதே அழுத்தம் இங்கு மூடியைக் காப்பதாக மாற்றப்பட்டது. இவ்வடிவமைப்பின் சிறப்பு இதுவே.

புட்டியைத் திறக்கக் கோலியை உள்நோக்கி அழுத்த வேண்டும். இதற்கு நடுவில் முளை உள்ள ஒரு சிறிய மரக்கட்டையைக் கடைக்காரர்கள் பயன்படுத்துவர். பழகியவர்கள் கட்டைவிரலால் அழுத்தியே திறப்பதும் உண்டு. அழுத்தம் விடுபடும்போது எழும் ஓசையும், அதனைத் தொடர்ந்து பொங்கும் நுரையும் கோலி சோடாவின் அடையாளங்களாகும். குடிக்கும்போது குழிவுகள் உள்ள பக்கம் கீழாக இருக்குமாறு புட்டியைச் சாய்க்க வேண்டும். அப்போது கோலி குழிவுகளில் தங்கிவிடும். மறுபக்கமாகச் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துவிடும்.

தயாரிப்பு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கோலி சோடா பெரும்பாலும் குடிசைத் தொழிலாகவே நடைபெற்றது. நீர், கார்பன் டை ஆக்சைடு உருளை, கையால் சுழற்றும் நிரப்பு இயந்திரம், சில நூறு புட்டிகள் ஆகியவை இருந்தால் ஒருவர் தொழில் தொடங்க முடிந்தது. கழுவிய புட்டியில் நீரும் தேவையெனில் சர்க்கரைப் பாகும் மணப்பொருளும் ஊற்றப்படும். பின்னர் புட்டி இயந்திரத்தின் கூண்டில் பொருத்தப்பட்டு, சக்கரத்தைச் சுழற்றத் தலைகீழாகத் திரும்பும். அந்நிலையில் வளிமம் உள்ளே செலுத்தப்படும். போதிய அழுத்தம் சேர்ந்ததும் கோலி வாயில் அமர்ந்துகொள்ளும். நிரப்பும்போது புட்டி வெடிக்கக்கூடும் என்பதால் கூண்டு மூடப்பட்டிருக்கும்.

நிரம்பிய புட்டிகள் தடுப்புகள் உள்ள மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு, மிதிவண்டியிலும் மூன்று சக்கர வண்டியிலும் கடைகளுக்குச் சென்றன. வெற்றுப் புட்டிகள் அதே வண்டியில் திரும்பின. இந்தியாவில் வழக்கிலுள்ள புட்டிகள் ஏறத்தாழ 200 மி.லி. கொள்ளளவு உடையவை. கண்ணாடியில் கலந்துள்ள இரும்பின் காரணமாகப் பல புட்டிகள் இளம்பச்சை நிறத்தில் காணப்படும்.

வகைகள்

வெறும் சோடா உணவுக்குப் பின் செரிமானத்திற்கு உதவும் என்னும் நம்பிக்கையில் பரவலாகக் குடிக்கப்பட்டது. எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்த எலுமிச்சை சோடா, பன்னீர் மணமூட்டிய பன்னீர் சோடா, இஞ்சி சோடா ஆகியவை பிற வகைகள். நன்னாரிப் பாகுடன் சோடாவைக் கலந்து தரும் வழக்கமும் உண்டு. வட இந்தியாவில் பண்டாவுடன் எலுமிச்சைச் சாறும் கறுப்பு உப்பும் சேர்க்கப்படுகின்றன.

வீழ்ச்சி

மேலை நாடுகளில்

1892இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர், விளிம்பில் பற்கள் கொண்ட தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். இதுவே தமிழ்நாட்டில் சோடா மூடி என அறியப்படுவது. ஒருமுறை மட்டுமே பயன்படும் இம்மூடி மிக மலிவானது. இயந்திரத்தால் விரைவாகப் பொருத்தக்கூடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் ஓவன்சு உருவாக்கிய தன்னியக்கப் புட்டி இயந்திரம், ஒரே அளவான வாய் உடைய எளிய புட்டிகளை ஏராளமாக உற்பத்தி செய்தது. காட் புட்டியிலோ, வாயை முழுமையாக்கும் முன்னரே கோலியை உள்ளே இடவேண்டும். பின்னர் பள்ளத்தை அமைக்க வேண்டும். இவ்வேறுபாட்டால் காட் புட்டியின் விலை மிகுதியாக இருந்தது. பிரித்தானியாவில் இது 1930களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கோலிக்காகச் சிறுவர்கள் புட்டிகளை உடைத்ததும் உற்பத்தியாளர்களுக்கு இழப்பை ஏற்படுத்தியது. இன்று பழைய புட்டிகள் சேகரிப்போரால் விரும்பி வாங்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் தகர மூடியிட்ட புட்டிகளும் கோலிப் புட்டிகளும் நீண்ட காலம் ஒன்றாகவே விற்பனையாயின. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடாரால் தொடங்கப்பட்ட காளிமார்க் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் தமக்கென வலுவான சந்தையைக் கொண்டிருந்தன. 1977இல் கொக்கக் கோலா நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியதும் உள்நாட்டுப் பானங்களுக்கு வாய்ப்பளித்தது. பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் 1993இல் அந்நிறுவனம் திரும்பி வந்தது. பெரிய நிறுவனங்களின் விளம்பரம், கடைகளுக்கு அவை அளித்த குளிர்ப்பெட்டிகள், எடை குறைந்த நெகிழிப் புட்டிகள் ஆகியவை சிறு தயாரிப்பாளர்களைப் பாதித்தன.

வீழ்ச்சிக்குப் புட்டியின் குறைகளும் காரணமாயின. அவற்றுள் முக்கியமானவை:

தூய்மை: இடுக்கும் கோலியும் தடுப்பதால் புட்டியின் உட்புறத்தைத் தூரிகையால் முழுமையாகத் தேய்க்க இயலாது. திறக்கும்போது கோலியின் வெளிப்பரப்பில் உள்ள அழுக்கும் பானத்தினுள் செல்லும். நீரின் தூய்மை குறித்த விழிப்புணர்வு பெருகியபோது இது பெருங்குறையாகப் பார்க்கப்பட்டது.

காயங்கள்: பலமுறை பயன்படுத்தித் தேய்ந்த புட்டிகள் சில வேளைகளில் வெடித்தன. நிரப்பும் தொழிலாளர்களுக்குக் கையிலும் கண்ணிலும் காயம் ஏற்படும் ஆபத்து இருந்தது. தெருச் சண்டைகளிலும் கலவரங்களிலும் சோடாப் புட்டிகள் எறியப்பட்டதால், பதற்றமான நேரங்களில் சோடாக் கடைகளை மூடச் செய்வதும் உண்டு.

எடை: புட்டியின் எடை உள்ளேயுள்ள பானத்தின் எடையை விட மிகுதி. ஆகவே நெடுந்தொலைவு அனுப்புவது இலாபகரமாக இல்லை.

சட்டத் தேவைகள்: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின்படி அமைந்த விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. உரிமம், தயாரிப்பு நாள், உட்பொருட்கள் முதலிய விவரங்களைக் குறிப்பிடுவது சீட்டில்லாப் புட்டிகளில் விற்றுவந்த சிறு தயாரிப்பாளர்களுக்குக் கடினமாக இருந்தது.

புட்டி ஆலைகளின் குறைவு: தேவை குறைந்தபோது இவ்வகைப் புட்டிகளைச் செய்யும் ஆலைகளும் குறைந்தன. உடைந்த புட்டிக்கு மாற்று கிடைக்காத நிலையில் பலர் தொழிலைக் கைவிட்டனர்.

பின்வந்த கொள்கலன்களுடன் ஒப்பீடு

1935: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் முதன்முதலாகத் தகரக் குவளையில் பியர் விற்பனைக்கு வந்தது. அதனைத் திறக்கத் தனிக் கருவி தேவைப்பட்டது.

1951: சுவீடனில் டெட்ரா பேக் நிறுவனம் தொடங்கப்பட்டு, காகித அட்டைப் பொதிகள் உருவாயின. இந்தியாவில் 1985இல் அறிமுகமான ஃப்ரூட்டி மாம்பழச் சாறு மூலம் இவை மக்களிடையே பரவின.

1963: எர்மல் ஃபிரேசு என்பவர் குவளையில் இழுத்துப் பிய்க்கும் வளையத்திற்குக் காப்புரிமை பெற்றார். எறியப்பட்ட வளையங்கள் கடற்கரைகளில் கால்களைக் கிழித்ததால், 1970களின் நடுவில் பிரிந்து வராத வளையங்கள் உருவாக்கப்பட்டன.

1973: அமெரிக்கரான நத்தானியல் வையத், வளியழுத்தத்தைத் தாங்கும் பெட் நெகிழிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். எடைக் குறைவும் உடையாத் தன்மையும் இதன் நிறைகள். சிதையாத குப்பை இதன் பெருங்குறை.

இவற்றுடன் ஒப்பிடுகையில் கோலிப் புட்டியின் இரண்டு பண்புகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, அதன் மூடி புட்டியை விட்டுப் பிரிவதில்லை. ஆகவே மூடியால் குப்பை சேர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய நெறிமுறையின்படி, 2024 சூலை முதல் 3 லிட்டர் வரையிலான நெகிழிப் பானப் புட்டிகளின் மூடிகள் புட்டியுடன் இணைந்தே இருக்க வேண்டும். இரண்டாவது, புட்டி கடைக்காரரின் உடைமையாகவே இருந்தது; வாங்குபவர் பானத்தை மட்டுமே வாங்கினார். கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பதே வழக்கம். வீட்டிற்கு எடுத்துச் செல்வோர் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. புட்டி திரும்பி வரும் தொலைவுக்குள் மட்டுமே தொழில் நடத்த முடிந்ததால், ஒவ்வோர் ஊரும் தன் சோடாவைத் தானே தயாரித்தது. திருப்பித் தரத் தேவையில்லாத புட்டி வந்தபோது இவ்வெல்லை நீங்கியது. அதனுடன் ஊர்தோறும் இருந்த சோடாத் தொழிலகங்களும், வெற்றுப் புட்டிக்கு இருந்த மதிப்பும் நீங்கின.

ஜப்பானில்

ஜப்பானில் இப்புட்டியில் விற்கப்படும் பானம் ராமுனே எனப்படுகிறது. லெமனேடு என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே இது. 1884இல் கோபே நகரின் வெளிநாட்டவர் குடியிருப்பில் வாழ்ந்த இசுக்காட்லாந்து மருந்தாளர் அலெக்சாண்டர் கேமரன் சிம் இதனை அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படுகிறது. கோடைத் திருவிழாக்களுடன் இப்பானம் இணைத்து நினைக்கப்படுகிறது. தற்காலப் புட்டிகளில் வாய்ப்பகுதி நெகிழியால் ஆனது. கோலியை அழுத்துவதற்கான சிறு கருவியும் ஒவ்வொரு புட்டியுடனும் தரப்படுகிறது.

மீள்வருகை

2017 சனவரியில் சல்லிக்கட்டுக்கு ஆதரவாக நடைபெற்ற போராட்டங்களின்போது பன்னாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் கருத்து வலுப்பெற்றது. தமிழகத்தின் முக்கிய வணிகர் அமைப்புகள், 2017 மார்ச் 1 முதல் அப்பானங்களை விற்பதில்லை என அறிவித்தன. இதன்பின் உள்ளூர்ப் பானங்களுடன் கோலி சோடாவும் கவனம் பெற்றது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் சில நெகிழிப் பொருட்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தண்ணீர்ப் பொதிகளும் உறிஞ்சு குழல்களும் தடைசெய்யப்பட்டவற்றுள் அடங்கும். நெகிழிப் புட்டிகள் அத்தடையில் சேர்க்கப்படவில்லை.

புதிய தயாரிப்பாளர்கள் பலர் வடிகட்டிய நீர், அச்சிட்ட சீட்டு, வாயைக் காக்கும் மேலுறை ஆகியவற்றுடன் கோலி சோடாவை விற்கின்றனர். சிலர் கோலியுடன் கூடிய நெகிழிப் புட்டிகளையும் பயன்படுத்துகின்றனர். தோற்றம் பழையதாயினும் இத்தகைய புட்டிகள் கடைக்குத் திரும்புவதில்லை. 2025 மார்ச்சில் இந்திய வணிகம், தொழில்துறை அமைச்சகம், 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் இப்பானம் அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஐரோப்பா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றுக்கு அனுப்பப்படுவதாக அறிவித்தது.

மக்கள் வழக்கில்

தடித்த வில்லைகள் உள்ள மூக்குக்கண்ணாடியைச் சோடாப்புட்டிக் கண்ணாடி எனக் கேலியாகக் கூறும் வழக்கம், இப்புட்டியின் தடித்த அடிப்பாகத்தை ஒட்டி எழுந்ததாகும். பொதுக்கூட்ட மேடைகளில் நெடுநேரம் பேசுவோருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதும், மயங்கி விழுந்தவர் முகத்தில் சோடாவைத் தெளிப்பதும் தமிழ்நாட்டில் பழக்கமாக இருந்தன. சோடாவைத் திறப்பதை 'உடைத்தல்' என்று கூறுவது இன்றும் வழக்கில் உள்ளது.

உடைந்த புட்டியிலிருந்து கிடைக்கும் கோலிக்குண்டு சிறுவர்களுக்கு விளையாட்டுப் பொருளாயிற்று. தகர மூடியும் அவ்வாறே பயன்பட்டது. அதனைத் தட்டையாக்கி, நடுவில் இரண்டு துளையிட்டு, நூலைக் கோத்துச் சுழற்றி விளையாடினர்.

2014இல் விஜய் மில்டன் இயக்கத்தில், சென்னை கோயம்பேடு சந்தையில் பணிபுரியும் நான்கு சிறுவர்களைப் பற்றி வெளிவந்த திரைப்படத்திற்குக் கோலி சோடா என்று பெயரிடப்பட்டது. அழுத்தப்பட்டால் பொங்கி எழும் எளியவர்களுக்கு உவமையாக இப்பெயர் அமைந்தது. இதன் இரண்டாம் பகுதி 2018இல் வெளியானது.

இவற்றையும் பார்க்க

கார்பன் டை ஆக்சைடு
ஜோசப் பிரீசுட்லி
கோலி (விளையாட்டு)
நன்னாரி
நெகிழிக் கழிவு